நான்காவது நிமிடம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் டேங்கர் லாரி வெடித்ததில் செத்த பதினான்கு பேரும் மொத்தம் ஐந்து தடவை செத்தார்கள். முதல் தடவைக்கு மட்டும்தான் நாடு முழுக்கக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். மற்ற நான்கு தடவையும் சேனல்காரர்கள் வந்து, நடந்ததை நடந்தபடி காட்டி, வயரைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

முதல் சாவு 2018 ஏப்ரல் பதினேழில். பகல் இரண்டு மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது. காலை ஷிப்ட் முடித்த பதினான்கு பேர் டிபன் பாக்ஸோடு கேட்டைத் தாண்டினார்கள். கேட்டுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு டேங்கர் நின்றது. கன்டெய்னர் லாரி நெரிசலைப் படம்பிடிக்க வந்த சேனல் வண்டி ஒன்று அதற்கு எதிரே நின்றது. இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு டேங்கர் வெடித்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை எரிய எரிய ஒருவன் எட்டு நொடி ஓடி விழுந்தான். அந்த எட்டு நொடியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பின்னால் வயலின் வைத்து, நாடே பார்த்தது. டெல்லிச் சேனல்களில் அவனுக்கு 'எரியும் மனிதன்' என்று பேர். அவன் குடியிருந்த கல்மண்டபத்தில் அவன் பேர் லியாகத் அலி. அவன் பெண்டாட்டி ஷரீஃபுன்னிசா டோல்கேட்டில் காலை வேளையில் ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் விற்கிறவள். கடைக்கு எதிரே இருந்த செல்போன் கடை டிவியில் ஒரே வாரத்தில் இருநூறு தடவைக்கு மேல் அவன் எரிந்தான். சாப்பிட வந்தவர்கள் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே பார்த்தார்கள், பாவம் என்றார்கள், இன்னும் கொஞ்சம் பாயா ஊற்றச் சொன்னார்கள்.

முதல் வருட நினைவு நாள் ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாளாக வந்தது. பிரசாரம் ஓய்ந்துபோய்ச் சேனல்களுக்குக் காட்ட வேறொன்றும் இல்லாததால் பதினொரு வண்டிகள் வந்தன. பூட்டிக் கிடந்த கம்பெனிக்குள்ளிருந்து இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. கேட் திறந்து பதினான்கு பேரும் டிபன் பாக்ஸோடு வெளியே வந்தார்கள். டேங்கரும் பழைய இடத்தில் நின்றது. நான்காவது நிமிடம் வெடித்தது. எரிந்தவர்கள் கத்தினார்கள், உருண்டார்கள், ஒருவன் கண் வெடித்தது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவருக்குப் புருவம்கூடக் கருகவில்லை. கேமராக்கள் அணைந்ததும் பிணமும் இல்லை, சாம்பலும் இல்லை.

மறு வருடம் ஊரடங்கு. யாரும் வரவில்லை. ஷரீஃபுன்னிசா போலீஸ் லத்திக்குத் தப்பிச் சந்துசந்தாக நடந்து போய்க் கேட்டெதிரே நின்றாள். சங்கு ஊதவில்லை. அதற்கடுத்த வருடம் அதே தேதியில் சேனல்கள் எல்லாம் வேறொரு சாவு வீட்டு வாசலில் நின்றன. ராயபுரத்து உள்ளூர் கேபிள் டிவியிலிருந்து எபினேசர் என்கிற கேமராக்காரர் மட்டும் வந்தார். பதினான்கு பேரும் வந்துவிட்டார்கள். ஒரு கேமரா போதும் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது.

ஷரீஃபுன்னிசா அன்று நோன்பு. போலீஸ் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி நேராகப் புருஷனிடம் ஓடினாள். லியாகத் அலி அவளைப் பார்த்தான். பார்த்தவுடன் சந்தோஷப்பட்டவனாகத் தெரியவில்லை.

"போன வாட்டியும் எரிஞ்சேன் ஷரீஃபு," என்றான். "அல்லாம் ஞாபகம் கீது. இன்னும் எத்தினி வாட்டி எரிவேன்? இவனுங்கள வர வேணாம்னு சொல்லு."

அவள் அவன் கையைப் பிடித்தபோது டேங்கர் வெடித்தது. நெருப்பு அவளை ஒன்றும் செய்யவில்லை. அவன் கையின் தோல் மட்டும் முழங்கையிலிருந்து கழன்று, கையுறையைப்போல அவள் பிடியில் தங்கியது. எபினேசர் கேமராவை அணைக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இதற்குள் ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. டிவியில் காட்டாவிட்டால் விபத்து வழக்கை ஊற்றி மூடிவிடுவார்கள் என்றது ஒரு கட்சி. செத்தவர்களை நிம்மதியாக விடுங்கள் என்றது மற்றது. இரண்டு கட்சியும் ஏப்ரல் பதினேழு இரண்டு மணிக்குத் தவறாமல் ஆஜராகின. வருடாவருடம் சேனல்களுக்குப் போன் போட்டு அழைத்தவள் இசக்கியம்மாள். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் பாத்திரக்கடை போட்டவள். அவளுடைய ஒரே மகன் வெற்றி, வேலைக்குச் சேர்ந்து ஆறாவது நாள் செத்தவன். ஷரீஃபுன்னிசா கடைக்கே போய் அவளிடம் கெஞ்சினாள். அவர்களுக்கு வலிக்கிறது அக்கா என்றாள்.

"வருசத்துக்கு நாலு நிமிசம் எம்புள்ளையப் பாக்கேன்," என்றாள் இசக்கியம்மாள். "அதையும் புடுங்காத."

2022 ஏப்ரலில் ஷரீஃபுன்னிசா ஆட்டுக்கால் வெட்டும் கத்தியோடு போனாள். ஒரு கேமராவை இரண்டாகப் பிளந்தாள், ஒரு நிருபருக்குத் தோளில் ஆழமாக இறங்கியது, ரத்தம் தார் ரோட்டில் ஒழுகியது. மீதிக் கேமராக்கள் அவளையும் எடுத்தன, பின்னால் எரிந்தவர்களையும் எடுத்தன. இருபது நாள் புழல் சிறையில் இருந்தாள். செத்த புருஷனை வைத்து விளம்பரம் தேடுகிறாள் என்று முன்பின் தெரியாதவர்கள் போனில் எழுதினார்கள். அடுத்த ஏப்ரலில் போலீஸ் அவளைத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தியது. கூட்டத்தில் எபினேசரைக் கண்டு, மூன்றாவது நிமிடத்திலேயே எல்லோரும் கேமராவை அணைத்துவிடக் கூடாதா, எரியாமல் போய்விடுவார்களே என்று கேட்டாள். எபினேசர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"நெருப்பு இல்லாங்காட்டி எவன்க்கா பாப்பான்?" என்றார். "அந்த எட்டு செகண்டுக்குத்தான் நாடே குந்திகினு கீது."

ஐந்தாவது தடவையாகவும் எரிந்தார்கள்.

2024 ஏப்ரல் பதினேழு மறுபடியும் தேர்தல், பிரசாரத்தின் கடைசி நாள். ஒரு வண்டியும் வரவில்லை. வெடிச்சத்தத்துக்குப் பழகியிருந்த கட்சிகள் இரண்டும் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, வெயில் தாங்காமல் கலைந்தன. இசக்கியம்மாள் மட்டும் போனை எடுத்துக் கேட்டை நோக்கிப் பிடித்தாள். ஷரீஃபுன்னிசா கத்தி கொண்டுவரவில்லை. கையாலேயே இசக்கியம்மாளின் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். இசக்கியம்மாள் கருங்கல்லை எடுத்து அவள் வாயில் இடித்தாள். முன்பல் ஒன்று உடைந்து விழுந்தது. இரண்டு பேரும் ஜல்லியில் உருண்டு, கடித்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி நகத்தால் கிழித்தார்கள். போன் பக்கத்தில் புழுதியில் சாய்ந்து கிடந்து கேட்டைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது. மணி இரண்டைத் தாண்டியிருந்தும் சங்கு ஊதியது.

பதினான்கு பேரும் வந்தார்கள். வெற்றிதான் முதலில் நின்றான். அம்மாவின் முகத்து ரத்தத்தைப் பார்த்தான்.

"எம்மா, இந்த வாட்டி வேணாம்மா," என்றான். "தோலு உரியறது தெரியுதும்மா."

இசக்கியம்மாள் எழுந்து போனை எடுத்தாள். மகன் நடந்து வர வர, அவள் கட்டைவிரல் நிறுத்தும் பொத்தானின் மேலேயே நின்றது. மூன்றாவது நிமிடமும் முடிந்தது. அவள் போனை ஷரீஃபுன்னிசாவின் கையில் திணித்தாள். "நீயே நிப்பாட்டு தாயி, என்னால முடியல."

லியாகத் அலி டேங்கரை ஒட்டி வந்துகொண்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை, இடது கையில் டிபன் பாக்ஸ். வலது கையை அவளை நோக்கி நீட்டியிருந்தான். மூன்று வருடமாகக் கேமராக்களை நிறுத்தவும் உடைக்கவும் அலைந்தவளுக்கு அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை, இன்னும் ஒரு நொடி என்றுதான் தோன்றியது. இன்னும் ஒரு நொடி, அப்புறம் இன்னும் ஒன்று. நாடு முழுக்க எதற்காகக் குந்தியிருந்தது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. டேங்கரின் அடித்தகடு சிவந்தது. அவன் விரல்நுனிக்கும் அவள் விரல்நுனிக்கும் ஒரு சாண்தான் இருந்தது. அமுக்கினாள்.

டேங்கர் வெடிக்கவில்லை; டேங்கரும் இல்லை, பதினான்கு பேரும் இல்லை. கேட் பூட்டியிருந்தது. சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. இசக்கியம்மாள் முந்தானையைக் கிழித்து அவள் வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டாள்.

அதிலிருந்து வருடாவருடம் பதினான்கு வீட்டாரும் ஒரே ஒரு போனோடு போகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். ஒரு சேனல் கேள்விப்பட்டு வீடியோவைக் கேட்டது. நெருப்பு இல்லை என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டது. யாரும் இப்போது எரிவதில்லை. லியாகத் அலியின் சட்டையில் கரி இல்லை, சிரித்துக்கொண்டேகூட வருகிறான். போன் ஷரீஃபுன்னிசாவிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவன் கையை நீட்டுகிறான், அவளும் நீட்டுகிறாள், ஒரு சாண் இருக்கும்போது நிறுத்திவிடுகிறாள்.