கை நனைத்த வீடு

என் வீட்டுக்காரர் தனசேகரனை வடக்கனந்தலில் மரவள்ளி போட்டவர், கரும்பு போட்டவர் என்றெல்லாம் யாரும் அடையாளம் சொல்வதில்லை. "சாப்பாட்டுக்காரரு வூடு எது?" என்று கேட்டால் போதும், எங்கள் வாசலைக் காட்டிவிடுவார்கள்.

கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்ததுமே பரிமாறுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சாம்பாருக்குச் சோற்றில் ஒரு குளம் வெட்டுவார், ரசத்துக்கு இன்னொன்று, மோருக்கு மற்றொன்று. கறி விருந்து என்றால் கேட்கவே வேண்டாம். நல்லி எலும்பை இலையில் தட்டித் தட்டி அவர் உறிஞ்சுகிற சத்தத்துக்கு எதிர்வரிசை மொத்தமும் நிமிர்ந்து பார்க்கும். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும், அவருக்கு ஒன்றும் இருக்காது. ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் வயிறு நிறைந்தவனுக்கும் பசிக்கும். ஒரு பருக்கையைக் கீழே விட மாட்டார். குழம்பில் உப்பு கம்மி என்று ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மூணு பேருக்கு ஆறு பேர் சோறு வடித்தே என் காலம் போயிற்று, அதில் எனக்குக் கோபமும் உண்டு, பெருமையும் உண்டு.

எங்களுக்கு ஒரே பெண், சுபஸ்ரீ. நர்சிங் படித்துவிட்டுக் கல்வராயன் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருக்கிறாள். காலையில் வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தாளென்றால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். மலைக்காரப் பெண்கள் பிரசவத்துக்கு வந்தால் "சுபா அம்மா இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவளுக்கு நைனார்பாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பிரவீன்குமார் சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். அப்பா இல்லை, வீட்டில் எல்லாம் அம்மா கொளஞ்சியம்மாள் வைத்ததுதான் சட்டம். ஜாதகம் பொருந்தியது, பெண் பார்த்துவிட்டும் போய்விட்டார்கள். இனி நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அப்படிப் பார்க்கப் போனால் தண்ணீர் குடிக்கலாம், காபி கூடக் குடிக்கலாம். இலையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்காவிட்டால், "இன்னொரு நாளைக்கு வந்து சாப்புடறோங்க" என்று கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவோம். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்கிற சங்கடம் யாருக்கும் இல்லை.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் சுபஸ்ரீ லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். அப்பாவுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, பையன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. கல்யாணம் ஆனா வேலைய வுடச் சொல்லுவாங்களோன்னுதான் பயமா இருக்குது. நீங்க நேரா கேட்டுடுங்க. வுடணும்னு சொன்னாங்கன்னா, கை நனைக்காம வந்துடுங்கப்பா."

"கண்டிப்பா கண்ணு."

"கறி ஆக்கி வெச்சிருந்தா?"

"இன்னா ஆக்கி வெச்சா எனக்கின்னா? எம்பொண்ண வுடவா கறி ஒசத்தி?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கூட்டமாகப் போனால் இலை போட்டே தீருவார்கள் என்று, வருகிறேன் என்ற நாத்தனாரையும் தடுத்துவிட்டு நாங்கள் இருவர் மட்டும் பைக்கில் கிளம்பினோம்.

நைனார்பாளையத்தில் அந்த வீட்டுக்கு முன்னால் இறங்கும்போதே வாசனை வந்துவிட்டது. பக்கத்து வேலியில் புதிதாக உரித்த ஆட்டுத்தோல் கிடந்தது. வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் போண்டாவும் கொடுப்பார்கள். ஆடு அறுக்கிற வழக்கத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

வீடு நல்ல வீடு. கொளஞ்சியம்மாளும் நல்லபடியாகத்தான் பேசினாள். காபி வந்தது, குடித்தோம். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தங்கச்சி, ஒரு விசயம் கேக்கணும். பொண்ணு வேலைக்கு..."

"பேசறதுக்கு இன்னாண்ணே, நாள் பூரா பேசலாம். சோறு ஆறிப்போவுது, மொதல்ல கைய கழுவிக்கினு வாங்க."

"இன்னொரு நாளைக்கு வந்து சாப்புடறோங்க" என்று நான் முந்திக்கொண்டேன்.

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. கூடத்தில் விரித்திருந்த தலைவாழை இலைக்குப் பக்கத்தில் குடல் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்து மூடியைத் திறந்தாள். ஆவி மேலே வந்தது. இவர் என்னைப் பார்த்தார். இருபத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தப் பார்வை தெரியாதா? சந்தைக்குக் கூட்டிப்போன பிள்ளை மிட்டாய்க் கடையைப் பார்க்கிற பார்வை அது.

"மரியாதைக்கு ஒரு வாய், விஜயா. நமக்காக ஆடே அறுத்திருக்காங்க" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தார்.

ஒரு வாயா அது! சீரகச் சம்பாச் சோற்றைப் பையனே வாளியில் கொண்டுவந்து குவித்தான். மலைபோலச் சோறு, அதன் தலையில் குடல் குழம்பு. வலது பக்கம் சுக்கா, இடது பக்கம் ரத்தப் பொரியல், நடுவில் நாலு நல்லி எலும்பு. கொளஞ்சியம்மாள் அகப்பையைக் கீழே வைக்கவே இல்லை. "இன்னும் கொஞ்சம், அண்ணே", "தலக்கறி தனியா இருக்குது, அண்ணே." இவர் இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்துப் போதும் என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். ஆட்டின் தலையில் பாதி இவர் இலைக்கு வந்தது. நெற்றி வேர்க்க, மூக்கு ஒழுக, தோள் துண்டால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். எலும்பு ரசத்துக்கு மறுபடியும் சோறு, தயிருக்கு மறுபடியும் சோறு. கைவிரலிடுக்கில் ஒட்டியதைக்கூட விடவில்லை. இவ்வளவு சந்தோசமாக ஒரு மனிதன் சாப்பிட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கும் உள்ளே ஒரு இலை போட்டார்கள். அவர் நனைத்துவிட்ட பிறகு நான் நனைக்காமல் இருந்து என்ன ஆகப்போகிறது என்று உட்கார்ந்தேன். ஈரல் வறுவல் வாயில் வைத்ததும் கரைந்தது. இன்னொரு கரண்டி போடட்டுமா என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள். தலையாட்டினேன். அவரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை.

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"தங்கச்சி, பொண்ணு மலையில நர்ஸ் வேலைக்குப் போய்க்கினு இருக்குது. கல்யாணத்துக்கு அப்பறமும்..."

"அதெல்லாம் எதுக்குண்ணே? எங்க வூட்டு மருமவ சம்பாரிச்சித்தான் ஒல கொதிக்கணுமா? வூட்டுல இருந்துக்கினு கடைக் கணக்கப் பாக்கட்டும். அதான் கை நனைச்சாச்சே, இனிமே அவ எங்க வூட்டுப் பொண்ணு."

பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இவர் தன் வலது கையைப் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த வீட்டு உப்பு தொண்டைவரை இருந்ததே, எப்படிச் சொல்வார்?

"அதுவும் சரிதான்" என்றார்.

நான் எதிரிலேயே நின்றேன். எனக்கும் வாய் இருந்தது. திறக்கவில்லை.

பைக்கில் திரும்பினோம். ஒரு ஏப்பம் வந்தது, அதை அவர் பாதியிலேயே அடக்கிக்கொண்டார். கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பும்போது, "அவகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் சொல்லாத" என்றார்.

வாசலில் வண்டி நின்றதுமே சுபஸ்ரீ ஓடி வந்தாள். எங்களை ஒன்றும் கேட்கவில்லை, அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

"காலையில இருந்து பட்டினியா வருவீங்கன்னு தெரியும்ப்பா. மலைக்காரம்மா ஒருத்தங்க நாட்டுக்கோழி குடுத்து வுட்டாங்க. மொளகு ஜாஸ்தியா போட்டு வெச்சிருக்கேன், களியும் கிண்டிட்டேன். ஒக்காருங்க."

தட்டு ஏற்கெனவே வைத்திருந்தாள். மனிதன் தலை அளவுக்கு ஒரு களி உருண்டை, சுற்றிலும் குழம்பு, மேலே ஈரலும் காலும். கோழியின் நல்ல துண்டெல்லாம் அந்த ஒரு தட்டில்தான் இருந்தது. சொல்லிவிடுங்கள் என்று நான் கண்ணால் காட்டினேன். அவர் வேண்டாம் என்று கண்ணாலேயே எனக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தின்று மறைத்துவிடலாம் என்று நினைத்தார், பாவி மனிதர். வாழ்நாள் முழுக்கத் தின்றே பேர் வாங்கியவர், இதையும் தின்றே சமாளித்துவிடலாம் என்று நினைத்துவிட்டார்.

முதல் கவளம் இறங்கியது. இரண்டாவது கவளத்துக்குத் தண்ணீர் குடித்தார். மூன்றாவது வாயிலேயே நின்றது. நெற்றியெல்லாம் வேர்வை. கையில் களியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"கொழம்பு நல்லா இல்லியாப்பா?" என்றாள்.

"நல்லாதாம்மா இருக்குது."

அவள் நம்பவில்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "உப்பு சரியாத்தான் இருக்குது..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தன் கைப்பக்குவத்தில்தான் குறை என்று அவள் தேடிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அதில்தான் அவளுக்குப் புரிந்துவிட்டது.

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன்."

"சாப்புடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் வாயிலிருந்த களியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக விழுங்கினார்.

"பின்னாடி."

"இன்னா சொன்னாங்க?"

"வுட்டுடணும்னாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவள் கத்துவாள், அழுவாள் என்று பயந்தேன். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"கை நனைச்சது நீங்கதானப்பா. நான் இல்லியே. போட்டுத் தரேன், சொல்லிடுங்க."

அவர் கை எச்சிலாக இருந்ததால் அவளே எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னாண்ணே, வூடு போய்ச் சேந்துட்டீங்களா? தலக்கறி செமிச்சுதா?" கொளஞ்சியம்மாளின் சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டது.

"தங்கச்சி, எம்பொண்ணு வேலைய வுட மாட்டா. அதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா சரி. இல்லன்னா இந்தச் சம்பந்தம் வாணாம்மா."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"கை நனைச்சிட்டுப் போயி இதச் சொல்றீங்களா?"

"நனைச்சிட்டேன். கேட்டுட்டு நனைச்சிருக்கணும். தப்பு என்னுதுதான்."

"ஒங்கள விசாரிச்சப்பவே சொன்னாங்கய்யா. நீங்க ஒண்ணும் பேசவே வாணாம், ஒரு ஆட்ட அறுத்து எலையப் போடுங்க, எதக் கேட்டாலும் மனுசன் தலையாட்டிடுவாருன்னு. அதே மாரிதான் ஆட்டுனீங்க. இப்ப ஏப்பம் வுட்டதும் பேச்ச மாத்தறீங்களே, ஒங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லியா?"

"இருக்குதும்மா" என்றார். "நீங்க ஊருல யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. சொல்றதுக்கு ஒங்களுக்கு ஞாயம் இருக்குது."

போன் அணைந்தது. இனி நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் இதுதான் பேச்சு. எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் பின்னால் யாராவது சிரிப்பார்கள். மகளுக்கு எதிரில் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு அவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். எச்சில் கை மடியிலேயே காய்ந்தது. நான் பக்கத்தில் போகவில்லை. என்னைப் பற்றியும் சேர்த்துத்தான் கொளஞ்சியம்மாள் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

அவர் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் களியில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. அதைக் கொட்டிவிடலாம் என்று நான் குனிந்தேன். சுபஸ்ரீ தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்பா பிய்த்த இடத்திலிருந்தே ஒரு கவளம் எடுத்துக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள். அடுத்து ஒன்று. அதற்கடுத்து ஒன்று. அவசர அவசரமாக, விக்கல் எடுக்க எடுக்கச் சாப்பிட்டாள்.

"மெதுவா கண்ணு" என்றார் அவர்.

"பசிக்குதுப்பா. நீங்க ரெண்டு பேரும் பட்டினியா வருவீங்க, சேந்து சாப்புடலாம்னு காலையில இருந்து நானும் ஒண்ணும் சாப்புடல."