எடுத்தல் என்னும் வினை

சாக்பீஸ் இரண்டாவது தடவையும் கீழே விழுந்தபோது லத்தீன் வாத்தியார் அதை இடது கையால் பொறுக்கி மேசை மேல் வைத்துவிட்டு, முன் பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டு வாக்கியத்தைப் பலகையில் எழுதச் சொன்னார். அந்தக் கல்லூரியில் லத்தீன் படிக்க வருகிறவர்கள் வருடா வருடம் ஒரே பெஞ்சுக்குள் அடங்கிவிடுவார்கள். அதனால் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறது. அவருடைய வலது கைக்கு வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. சாப்பிடும்போது மடங்கியது, பேனா பிடித்தது, பொத்தானைத் தேடிப் பார்த்தது. தோளிலிருந்து உயர்த்து, எதையாவது தூக்கு என்றால் மட்டும், ஓய்வு பெறும் நாளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவைப் போல, காதில் விழாத மாதிரி விலாவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

பேரன் இறந்த வாரத்திலிருந்து இப்படி. மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. குழந்தையின் அப்பா யார் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அது என் விஷயம்பா" என்று சொல்லிவிட்டு ஊரின் மறுகோடியில் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். குழந்தை ஐந்தாவது மாதத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் மூச்சுக்குப் போராடி இறந்துபோயிற்று. அதன் பிறகு வாத்தியாரின் மனைவி காலையில் அவருடைய சட்டைப் பொத்தான்களை மாட்டிவிடுவாள். கடைசிப் பொத்தான் வரைக்கும் அவர் முகத்தை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

நரம்பு டாக்டர் ஊசி குத்திப் பார்த்தார், சுத்தியலால் தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். "நரம்பெல்லாம் சுத்தமா இருக்கு சார். எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டரம்மா இருக்காங்க. உளப்பகுப்பாய்வு பண்றவங்க. அவங்ககிட்ட போய்ப் பேசிப் பாருங்களேன்."

"பேசினா கை தூக்குமா?"

"பேசாம இருந்தும் தூக்கலையே சார்."

டாக்டரம்மாவின் அறை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. ஒரு நீளக் கட்டில், தலையணை மேல் ஒவ்வொருவருக்கும் புதிதாக விரிக்கும் காகிதத் துணி, தலைமாட்டுக்குப் பின்னால், படுத்திருப்பவரின் கண்ணுக்குப் படாத இடத்தில், அவளுடைய நாற்காலி. கூரையில் மழை ஒழுகிய கறை ஒன்று பழுப்பாகப் படர்ந்திருந்தது. அவர் தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவளான ஒருத்தி முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கக் கூச்சப்பட்டார். அந்தக் கூச்சத்தை மறைக்கத்தான் முதல் நாளே, "ரோமாபுரிக்காரங்க விருந்துன்னா படுத்துக்கிட்டுத்தான் சாப்பிடுவாங்க. இங்க வந்து படுத்தா எனக்குப் பசிக்குது டாக்டர்" என்றார். பின்னாலிருந்து சிரிப்பு வரவில்லை. நாற்காலி மட்டும் லேசாக முனகியது.

அப்படியே பல வாரங்கள் போயின. அவர் பேசினார், பேச்சுக்கு என்றைக்கும் அவரிடம் பஞ்சமில்லை. அவளுடைய துறையில் பாதிச் சொற்கள் தன் மொழியிலிருந்து கடன் போனவை என்றார். ஈகோ என்றால் வெறும் 'நான்', அதை ஏதோ நோய் மாதிரி ஆக்கிவிட்டீர்கள் என்றார். பழைய ரோமின் மாளிகைகளை இடித்ததில் எதிரிகளைவிட உள்ளூர்க்காரர்களுக்குப் பங்கு அதிகம், கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் அவரவர் வீட்டுச் சுவரில் வைத்துக்கொண்டார்கள் என்றார். குடும்பத் தலைவனுக்கு அங்கே இருந்த அதிகாரத்தைப் பற்றி, பிள்ளை கிழவனானாலும் அப்பன் உயிரோடு இருக்கும்வரை அவன் கைக்குள்தான் என்பதைப் பற்றி, குரல் ஏற்றி இறக்கிச் சொன்னார்.

"எனக்கு வகுப்பு எடுக்கறீங்க சார்" என்றாள் அவள் ஒரு நாள்.

"பழக்க தோஷம். நாலு சுவரும் எதிர்ல ஒரு ஆளும் இருந்தா வாய் தன்னால திறந்துக்குது."

"எதிர்ல நான் இல்லையே. பின்னால இல்ல இருக்கேன்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மனைவி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெரிய துணிகளுக்கு நடுவே, மகள் எப்போதோ விட்டுப்போன, கைக்குட்டை அகலமே உள்ள குழந்தை விரிப்பு ஒன்று வந்துவிட்டது. அதை மடிக்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் இருந்ததைச் சொன்னார்.

"ரோமாபுரியில ஒரு பழைய விதி உண்டு. மூணு வயசு ஆகாத குழந்தை செத்தா துக்கம் காக்கக் கூடாதுன்னு. கல்நெஞ்சுன்னு இல்ல. அப்ப நிறைய குழந்தைங்க செத்துப்போகும். அழ ஆரம்பிச்சா முடிவே இருக்காதுன்னு."

மனைவி நிமிர்ந்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக அவரைப் பார்த்தாள்.

"உங்க ரோமாபுரிச் சொந்தக்காரங்களை எல்லாம் வரிசையா நிக்க வச்சு ஆளுக்கு ஒரு அறை விட்டா என்னன்னு இருக்கு எனக்கு. முடிஞ்சா இதை அவகிட்ட போய்ச் சொல்லுங்க. உங்க பொண்ணுகிட்ட."

அந்த வாரம்தான் கனவு வந்தது. கட்டிலில் படுத்துக் கூரைக் கறையைப் பார்த்தபடி அதைச் சொன்னார். ஒரு பெரிய ரோமானிய வீடு. நுழைந்ததும் கூடத்தில் மர அலமாரிகள். அங்கே பெரிய குடும்பங்களில், பதவி வகித்த முன்னோர்களின் முகங்களை மெழுகில் வார்த்து அப்படித்தான் அலமாரிக்குள் வைத்திருப்பார்கள், வீட்டில் சாவு விழுந்தால் ஆட்கள் அந்த முகங்களை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போவார்கள் என்று நடுவில் விளக்கமும் சொன்னார். கனவில் அவர் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறார். அப்பா, தாத்தா, எல்லாருக்கும் முறைப்பு. கடைசி அலமாரியில் ஒரு சின்ன மெழுகு உருண்டை. கண் இல்லை, மூக்கு இல்லை. வழவழவென்று, தொட்டால் சூடாக இருக்கிறது.

"மெழுகுன்னதும் என்ன தோணுது?" என்றாள் டாக்டரம்மா.

"அதான் சொன்னேனே, முன்னோர்கள்—"

"அது புஸ்தகத்துல இருக்கறது. உங்களுக்கு?"

வெகுநேரம் கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். உதைத்து உதைத்து, கிளம்பாமல். "என் பொண்ணு" என்றார் அவர். "பல் செட் செய்யற எடத்துல வேலை பாக்கறா. நாள் பூரா மெழுகுதான் அவளுக்கு. வீட்ல இருந்தப்ப நகத்துக்குள்ள ரோஸ் கலர்ல ஒட்டிக்கிட்டிருக்கும்."

அதற்கு மேல் அன்றைக்குப் பேசவில்லை. அடுத்த முறை வந்து படுத்ததும், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல ஆரம்பித்தார். ரோமாபுரியில் குழந்தை பிறந்ததும் தரையில் கிடத்துவார்கள். அப்பா குனிந்து தூக்கினால் அது அந்த வீட்டுப் பிள்ளை. தூக்காவிட்டால் இல்லை. அப்படித்தான் பழைய அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இப்போது வருகிற ஆராய்ச்சியில் அப்படி ஒரு சடங்கே இருந்திருக்காது என்கிறார்கள். ஒரு வினைச்சொல்லைத் தப்பாகப் படித்துக் கட்டிய கதை. யார் யார் எங்கெங்கே தப்பு செய்தார்கள் என்று பாதி நேரத்துக்கு மேல் வாதாடினார். குரல் உயர்ந்தது. அந்த அறையில் அவரை மறுத்துப் பேச யாரும் இல்லை.

"என்ன வினைச்சொல் அது?" என்றாள்.

"டொல்லோ. தூக்கறதுன்னும் அர்த்தம். அப்புறப்படுத்தறது, தீர்த்துக்கட்டறதுன்னும் அர்த்தம். ரெண்டுக்கும் ஒரே சொல்."

"நம்ம 'எடு' மாதிரியா?"

அவர் வாயைத் திறந்தார். குழந்தை இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், செல்போனை மார்போடு பொத்திக்கொண்டு, 'எப்ப எடுக்கறாங்க?' என்று கேட்டது மறுபடியும் காதில் விழுந்தது. அன்றைக்கு வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தப் பொட்டலத்துக்கு நாலு பேர் தேவைப்படவில்லை. ஒரு ஆள் போதும். வாத்தியார்தான் முன்னால் போய்க் கையை நீட்டினார். மகள் சத்தம் போடவில்லை. "வேண்டாம்பா. நீங்க எடுக்க வேண்டாம்" என்றாள். நீட்டிய கை நீட்டியபடி சற்று நேரம் நின்றது. பிறகு அவர்தான் அதை இறக்கினாரா, அதுவாக இறங்கியதா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்லி முடித்தார். நிறுத்த முடியாமல் மிச்சமும் வந்துவிட்டது.

"அதுக்கு முன்னால ஒரு நாள் என் பொண்ணு குழந்தையை வீட்டுக்குக் கொண்டு வந்தா. பிறந்து ஒரு மாசம் இருக்கும். பையைப் பிரிக்கறதுக்காக ஹால்ல ஒரு துணி விரிச்சு என் காலடியில படுக்க வச்சா. வேணும்னு வைக்கல, அங்கதான் இடம் இருந்துச்சு. குழந்தை அழுதுது. அடுப்படியிலேர்ந்து என் வீட்டுக்காரி, 'கொஞ்சம் தூக்குங்களேன்'னா. நான் விடைத்தாள் திருத்திக்கிட்டு இருந்தேன். எனக்கு அந்த நேரத்துல இந்த வழக்கம் ஞாபகம் வந்துது டாக்டர். தரையில பிள்ளை, நாற்காலியில அப்பன். கோவம்கூட இல்ல. எனக்கு..." அவர் கூரையையே பார்த்தார். "எனக்குப் பிடிச்சிருந்துது. பெரிய ஆளா இருக்கற மாதிரி. பொண்ணு வந்து பார்த்தா. தூக்கிக்கிட்டுப் போயிட்டா."

காகிதத் துணி அவர் தலைக்குக் கீழே நசுங்கிச் சத்தமிட்டது. டாக்டரம்மா நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, "இதை இதுவரைக்கும் யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பல் செட் செய்யும் இடம் ஒரு மருந்துக் கடைக்குப் பின்பக்கம், வெளிச்சம் குறைவான நீள அறை. சாந்துப் பொடியும் எரிசாராயமும் கலந்த வாசனை. சுவரோரப் பலகையில் வெள்ளைச் சாந்துத் தாடைகள், மேலும் கீழுமாக ரப்பர் வளையம் போட்டு வரிசையாக நின்றன. மகள் சின்னச் சுடரின் முன் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். அவரைப் பார்த்து மெழுகுக் கத்தியைச் சுடரிலிருந்து எடுத்தாள், திரும்பவும் சுடரில் காட்டினாள்.

"அம்மா வரலையா?"

"நான் மட்டும்தான்."

"ஸ்டூல் இருக்கு. பொடி ஒட்டும், தட்டிட்டு உக்காருங்க."

தட்டாமலே உட்கார்ந்தார். வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்; அதில் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. "அன்னிக்கு ஹால்ல... நான் பேப்பர் திருத்தற மும்முரத்துல கவனிக்கலன்னு நீ நெனச்சிருப்ப. அப்படி இல்லம்மா. தெரிஞ்சேதான் தூக்கல."

"தெரியும்."

"தெரியுமா?"

"பேனா மூடித்தானே இருந்துச்சு."

அவள் சூடான கத்தியால் இளஞ்சிவப்பு மெழுகை வழித்து ஒரு கீழ்த்தாடையின் மேல் இழைத்தாள். வேலை நிற்கவில்லை. அவள் கை அவருடைய அம்மாவின் கையைப் போல இருப்பதை அவர் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "அவன் முகம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி முகம்தான் என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "இல்லம்மா" என்றார். "நான் பாக்கவே இல்ல."

கத்தி நின்றது. போகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்து அவர் எழுந்திருக்கத் தயாரானார். அவள் சுடரைச் சின்னதாக்கினாள்.

"இடது காது மேல கொஞ்சம் மடிஞ்சிருக்கும். பிறந்தப்பவே அப்படித்தான், நான் நீவி நீவி விடுவேன். பசிச்சா உடனே அழ மாட்டான். முஷ்டியை வாயில வச்சுக்கிட்டு என்னையே பாப்பான், பாப்போம் எவ்வளவு நேரம்னு கேக்கற மாதிரி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்களுக்காகச் சொல்லல இதை. எனக்குச் சொல்ல ஆளில்ல. அவன் பேச்சை எடுத்தா எல்லாரும் வேற பேச்சுக்குப் போயிடறாங்க."

 அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார். அவளுக்கு எதிரே அல்லாமல், சற்றுப் பின்னால் தள்ளித்தான் ஸ்டூல் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவான், எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடுவான், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் சட்டைக் கழுத்தை எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று. நடுநடுவே நிறுத்தினாள். அவர் காத்திருந்தார். மருந்துக் கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"கடைசி வாரத்துல கீழ் ஈறு வெளுக்க ஆரம்பிச்சிருந்துச்சு" என்றாள். "டாக்டருங்க யாரும் கவனிக்கல. அவங்க நெஞ்சைத்தானே பாக்கறாங்க. நான் விரலை வச்சுப் பாத்தேன், கெட்டியா இருந்துச்சு. ரெண்டு பல்லு. பக்கத்துல பக்கத்துல."

கையிலிருந்த தாடையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். கத்தி முனையால், மெழுகு ஈறின் முன்பக்கம் நடுவில், அழுத்தாமல் இரண்டு புள்ளி வைத்தாள்.

"இங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அருகில் குனிந்தார். மெழுகு இன்னும் இறுகவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிகளின் ஓரம் இளகி, மெல்ல மூட ஆரம்பித்தது.