மூக்கு சொன்னால் சரி

அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கக்கா, அவ்வளவுதான். கேலியில்லை, உத்தியோகமே அதுதான். பழைய டப்பா, கேன், பாட்டில் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து, அரைபட்டு, கழுவிக் காய்ந்து சில்லாக நிற்கும். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, சூடு காட்டி, திறந்து மோந்து பார்க்க வேண்டும். வருகிற கேனில் எதில் பூச்சிமருந்து இருந்தது, எதில் மண்ணெண்ணெய் இருந்தது என்று எந்த மகராசன் எழுதி ஒட்டி அனுப்புகிறான்? பிளாஸ்டிக் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது, சூடு பட்டால்தான் கக்கும்.

அந்தச் சில்லில்தான் பள்ளிக்கூடச் சாப்பாட்டு டப்பா செய்தார்கள். கொதிக்கக் கொதிக்கச் சோறு போட்டு மூடுகிற டப்பா. ஊரில் பாதிப் பிள்ளைகள் அதில்தான் சாப்பிட்டன, அவள் மகளும் சேர்த்தி. ஆய்வுக்கூடத்து அறிக்கை வரப் பத்து நாளாகும். மூக்கக்கா அரை மணியில் சொல்லிவிடுவாள். பத்து மூட்டைக்கு இரண்டையாவது தூக்கி வெளியே போடச் சொல்வாள். அவள் சொன்னால் சரி.

அப்படிப்பட்ட மூக்கு போயே போய்விட்டது! ஒரு காய்ச்சல் வந்து வீட்டையே படுக்கப் போட்டது. எழுந்த பிறகு ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து கருகிக்கொண்டிருக்க, இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து புருஷன் ஓடிவந்து, "உனக்கு மூக்கு இருக்கா, இல்ல அழகுக்கு ஒட்டி வச்சிருக்கியா?" என்று கத்தினபோதுதான் உறைத்தது. சோப்பை மோந்தாள், வெங்காயத்தை மோந்தாள். ஒன்றுமே தெரியவில்லை.

வெளியே சொன்னால் வேலை போகும். இரண்டு நாளில் வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். அதுவரைக்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். ஜாடியைத் தூக்கிவருவது அவளுடைய நாத்தனார்தான். ஒரே வீடு, ஒரே வேலை. "இந்தாடி, நீயும் ஒரு தடவை பாரு" என்று ஜாடியை நடுவில் வைத்துத் திறப்பாள். இருவரும் குனிவார்கள். நாத்தனார் முகம் சுளித்தால் மூட்டை வெளியே, சுளிக்காவிட்டால் சரி. நாத்தனார் முகம் ஒரு நாளும் சுளிக்கவில்லை. நல்ல சரக்காக வருகிறது போல என்று இவளும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். இப்படியே ஆறு வாரம் ஓடிப்போனது.

அன்றைக்கு மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மூட்டை தள்ளுகிற வண்டிக்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்க உள்ளே வந்தார். ஜாடி திறந்திருந்தது.

"ஐயய்யோ! பூச்சிமருந்தைக் கொட்டி வச்சிருக்கீங்களா? குடலைப் பிடுங்குது. எப்படித்தான் நிக்கிறீங்களோ!" இருமிக்கொண்டே வெளியே ஓடிவிட்டார்.

"உனக்கு வாடை வரலியாடி?"

"உங்களுக்கு வரலியா அண்ணி?"

"நான் உன் மூஞ்சியையில்லடி பார்த்துக்கிட்டு இருந்தேன்!"

நாத்தனார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நான் உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். காய்ச்சல் வந்ததிலேருந்து எனக்கு ஒண்ணும் தெரியல அண்ணி. சொன்னா துரத்திடுவாங்கன்னு பயந்துட்டேன்."

குருடனுக்குக் குருடன் வழிகாட்டின கதைதான். ஆனால் பள்ளத்தில் விழுந்தது இவர்களா? மூக்கக்கா ஜாடியை மூடி எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள். நாத்தனார் பின்னாலேயே வந்தாள்.

"சார், எனக்கு ஆறு வாரமா மூக்கு வேலை செய்யல. இவளுக்கும்தான். தப்பு என்னுது, வேலையை விட்டு அனுப்புங்க. ஆனா போன டப்பாவையெல்லாம் திருப்பி வாங்குங்க சார், பிள்ளைங்க சாப்பிடுது."

மேனேஜர் டீயை உறிஞ்சி முடித்துவிட்டு, "கதவைச் சாத்து" என்றார்.

சாத்தினாள்.

"பத்துக்கு ரெண்டு தள்ளிக்கிட்டு இருந்தவ, ஆறு வாரமா ஒண்ணுகூடத் தள்ளல. எனக்கென்ன, கண்ணு அவிஞ்சா போச்சு? போன மாசமே தெரியும். ஒழுங்கா வேலை நடக்குது. வழக்கம்போல வாங்க, போங்க. இன்னைக்கு மூட்டைக்குக் கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பு."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! மூக்கக்கா ஜாடியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மனுஷன் நாற்காலியோடு பின்னால் போய்க் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உங்களுக்கு வருதில்ல? நீங்க மோந்துகூடப் பார்க்க மாட்டீங்க, அதுங்க சோறு போட்டுத் திங்கணுமா?"

"யாராவது செத்தா போயிட்டாங்க? கையெழுத்துப் போடறியா, இல்ல வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். "அண்ணி, ரெண்டு பேரும் வெளிய போயிட்டா பிள்ளைங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"அடிப்பாவி, அந்த டப்பாவுலதானேடி சாப்பிடுதுங்க!"

நாத்தனார் அழுதாள். அழுதுகொண்டே பேனாவை எடுத்து மூட்டைச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். அவள் பெற்ற பிள்ளைகள் இரண்டும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தன. இருந்தும் போட்டாள்.

மூக்கக்கா அங்கே நிற்கவில்லை. போட்டது போட்டபடி கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். கேட்டில் காவல்காரர் தடுத்ததையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சாப்பாட்டுக் கூடத்து வாசலிலேயே மகள் அவளைப் பார்த்துவிட்டு, டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, மிச்சம் வைக்காதேன்னு திட்டுவியே, இன்னைக்கு ஒரு பருக்கைகூட மிச்சம் இல்ல, பாரு!"

அவள் டப்பாவை வாங்கினாள். உள்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. பழக்கதோஷத்தில் மூக்குக்குக் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தாள், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை.