ஒருத்திக்கு மட்டும் பெருநாள்

பிறை பார்க்கிற மாலையில் கிண்ணியாவில் எந்த ஆம்பிளையும் வீட்டில் தங்கமாட்டான். நோன்பு திறந்து, மஃரிப் தொழுத கையோடு, வாயில் பாதிச் சமோசாவுடன் அத்தனை பேரும் பாலத்துக்கு ஓடுவார்கள். மேற்கே தம்பலகாமக் குடாவின் மேல் வானம் தடையில்லாமல் தெரிகிற இடம் அதுதான். ஒருத்தன் "அந்தா!" என்பதும், பக்கத்தில் நிற்பவன் "அது வெள்ளிடா" என்று அவன் மண்டையில் தட்டுவதும் வருஷா வருஷம் நடக்கிற கூத்து. பொம்பிளைகள் அந்த நேரம் குசினியில் நிற்பார்கள். கருப்பட்டியைச் சீவி, தேங்காயைத் துருவி, முட்டையை மட்டும் உடைக்காமல் வைத்துக்கொண்டு செய்திக்குக் காத்திருப்பார்கள். பிறை கண்டால் நாளைக்குப் பெருநாள், வட்டிலாப்பம். காணாவிட்டால் இன்னொரு நோன்பு, வழக்கம்போல் விடியமுன் சஹர் சோறு.

சுஹைரா அன்றைக்குப் பிறை பார்க்கப் போனவள் அல்ல. மழை வரும்போல் மேகம் கறுத்துக் கிடந்ததால், வீட்டுக்கு மேல் கொங்கிறீட் தட்டில் காயப்போட்ட துணிகளை எடுக்கத்தான் ஏறினாள். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியபோது மேற்கே மேகம் கொஞ்சம் விலகியது. அந்த இடைவெளியில் பிறை இருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி ஷோலில் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். அப்போதும் இருந்தது. வாய் தானாகப் பிறை துஆவை ஓதியது. ஓதி முடிவதற்குள் மேகம் மூடிவிட்டது.

சந்தோஷத்தில் படியெல்லாம் தாவி இறங்கினாள். கீழே வாப்பா ஸைனுலாப்தீன் ஹாஜியார் பாலத்திலிருந்து வந்து கதிரையில் சாய்ந்திருந்தார். ஊர்ப் பிறைக்குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் "கண்டாச்சு" என்றால், நாட்டுக்கே பெருநாள் அறிவிக்கிற கொழும்புக்குத் தகவல் போகும். அவர் "இல்லை" என்றால் அதற்கு மேல் ஊரில் பேச்சில்லை.

"பிறை இல்ல," என்றார் உம்மாவைப் பார்த்து. "கொழும்புக்கும் செல்லியாச்சு. மற்ற ஊர்களிலயும் மழை மேகமாம். இனி ஒருத்தனும் வந்து நான் கண்டன், அவன் கண்டான் எண்டு கதைக்கத் தேவையில்ல."

சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சுஹைரா தோளில் கிடந்த போர்வையை மடித்தாள். கண்டவள் அவள். ஆனால் கண்டது யார் என்றா இந்த ஊர் கேட்கும், ஆம்பிளையா பொம்பிளையா என்றுதானே கேட்கும்! ஆமினா உம்மா முட்டைகளை மறுபடி எடுத்து வைத்தாள். சற்று நேரத்தில் பள்ளிவாசல் மைக்கில் அறிவித்துவிட்டார்கள். பிறை தென்படவில்லை, நாளைக்கும் நோன்பு.

இங்கேதான் சுஹைராவின் சிக்கல் தொடங்கியது. சின்ன வயதில் பெண்கள் மத்ரசாவில் படித்த சட்டம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெருநாள் பிறைக்கு நம்பிக்கையான இரண்டு ஆம்பிளைகள் சாட்சி சொல்ல வேண்டும். அதுவரை ஊருக்கு நோன்புதான். ஆனால் தன் கண்ணால் பிறையைக் கண்டவருக்கு அடுத்த நாள் பெருநாள். அவர் நோன்பு பிடிப்பது ஹராம். ஊர் குழம்பாமல் மறைவாகச் சாப்பிட வேண்டும். அன்றைக்குப் பாடமாக்கும்போது, 'இப்படியும் ஒருத்தருக்கு நடக்குமா' என்று கூட்டாளிமாருடன் சிரித்ததுகூட ஞாபகம் வந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை. கண்டது நிஜமென்றால் நாளைக்கு நோன்பு பிடித்தால் பாவம். கண் ஏமாற்றியிருந்தால் றமழான் நோன்பை விட்ட பாவம். இரண்டு பக்கமும் நெருப்பு.

சஹருக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் வாப்பா வழக்கம்போல் நோன்புக்கு உறுதி சொல்கிற நிய்யத்தைச் சொல்லிக்கொடுத்தார். "இந்த வருஷத்து றமழான் மாதத்தின் பர்ளான நோன்பை..." என்று அவர் நிறுத்த, உம்மா அதைத் திருப்பிச் சொன்னாள். சுஹைரா உதட்டை மட்டும் அசைத்தாள். தான் பெற்ற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாயசைத்து ஏமாற்றுகிறாள் என்று பாவம் அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே தன்னை நினைக்க வெட்கமாக இருந்தது.

பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தாள். ஸுப்ஹு பாங்கு கேட்டதும் வாப்பா பள்ளிக்குப் போக, உம்மா முசல்லாவை விரித்து, "வா புள்ள, தொழுவம்," என்றாள். பழக்க தோஷத்தில் கைகால் கழுவி வுழூ செய்து பக்கத்தில் நின்று தொழுதுவிட்டாள். சலாம் கொடுத்துத் திரும்பியபோதுதான் உறைத்தது. நோன்பு மாதத்தில் நோய் நொடியில்லாத ஒரு பொம்பிளை பகலில் சாப்பிட ஒரேயொரு வாசல் திறந்திருக்கிறது, மாதவிலக்கு. "எனக்கு இண்டைக்குத் தொழுகை இல்ல" என்றால் போதும், பெற்ற தாய்கூட அதற்குமேல் ஒரு சொல் கேட்கமாட்டாள். அந்த வாசலைச் சுஹைரா தன் கையாலேயே சாத்திவிட்டாள். இனி ஒரு வாய் தண்ணீர் குடித்து உம்மாவிடம் பிடிபட்டால், தொழுத பிறகுதான் வந்தது என்று முகத்தைப் பார்த்துப் புளுக அவளால் ஏலாது.

காலையில் கத்தாரிலிருந்து புருஷன் நுஸ்கி வீடியோ கோல் எடுத்தான். அங்கே அன்றைக்குப் பெருநாள். புதுச் சேர்ட் போட்டிருந்தான்.

"ஈத் முபாரக் சுஹைரா! உங்களுக்கு நாளைக்குத்தானே?"

அவள் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். நுஸ்கி சிரித்தான்.

"அது விமானமா இரிக்கும் புள்ள. சீனன்குடாப் பக்கம் எப்பவும் பறக்கிறதானே."

"விமானம் ஒரே இடத்தில நிக்குமா?"

"சரி, கண்டதாவே வையேன். மாமாட்ட மட்டும் செல்லிராத. ஊரே பாலத்தில நிண்டு காணாததை அவர்ட மகள் துணி எடுக்கப் போன இடத்தில கண்டாளாம் எண்டா, மனுசன் நாளைக்கு எப்படிப் பள்ளிக்குள்ள போற? உனக்குத் திங்க ஆசையெண்டா ஒளிச்சுத் தின்னு."

தின்ன ஆசை என்றான்! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கிணற்றுக்குள் போட்டிருப்பாள். ஆனால் அவன் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. விஷயம் வாப்பாவின் காதுக்குப் போகக்கூடாது.

வீடு கூட்டும்போது 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னாள். ஊர் முழுக்கச் சேர்ந்து முழங்க வேண்டிய பெருநாள் தக்பீரை ஒருத்தி மட்டும் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தாள். "என்ன புள்ள, தனியக் கதைக்கிறா?" என்று உம்மா எட்டிப் பார்த்தபோது இன்னும் வேகமாகக் கூட்டினாள். நிய்யத்து வைக்காததால் சாப்பிடாமல் இருந்தாலும் அது நோன்பு ஆகாது, இப்படியே மஃரிப் வரை ஓட்டிவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. மற்ற மனம் விடவில்லை. பயத்தில் பட்டினி கிடப்பதற்கும் நோன்புக்கும் பார்க்கிறவனுக்கு என்ன வித்தியாசம்? ஆனால் மனதைப் பார்க்கிற அல்லாஹ்வுக்குத் தெரியுமே, அவள் ஊருக்குப் பயந்துதான் கிடக்கிறாள் என்று. ஒரு மிடறு தண்ணீராவது குடித்தால்தான் நான் கண்டதை நானே நம்பினேன் என்று ஆகும். அதற்குக்கூடத் துணிவில்லாமல் மதியத் தொழுகை லுஹர் வரைக்கும் குசினிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

லுஹர் தொழுதுவிட்டு உம்மா அறைக்குள் போய்ச் சாய்ந்தாள். வாப்பா பள்ளியில்தான் இருப்பார். குர்ஆன் ஓதிவிட்டுப் பின்னேரத் தொழுகை அஸருக்குப் பிறகுதான் வீட்டுப் பக்கம் வருவார். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சுஹைரா குசினிக்குள் போய்ப் பலகையில் குந்தி, குவளையில் தண்ணீர் வார்த்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்பதுபோல் இருந்தது.

"சுஹைரா."

வாசலில் வாப்பா நின்றார். பள்ளியில் கரண்ட் போய், வெக்கை தாங்க ஏலாமல் நேரத்தோடு வந்திருக்கிறார். அவளுடைய கையில் குவளை. வாயோரத்தில் ஈரம்.

"காய்ச்சல் வருத்தமா புள்ள?"

"இல்ல வாப்பா."

அவர் முகம் சட்டென்று மாறியது. தகப்பன் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட சங்கடத்தில் கண்ணைத் தாழ்த்தி, "சரி, சரி," என்று திரும்பிவிட்டார். ஸுப்ஹை அவள் தொழுதது அவருக்குத் தெரியாதே. அவள் சாத்திய வாசலை அவர் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் அத்தோடு முடிந்தது.

ஆனால் அவருடைய முதுகைப் பார்த்தபோது அவளுக்குத் தாங்க ஏலவில்லை. வெயிலில் நடந்து வந்து சேர்ட் முழுக்க வேர்த்து, நடையே தளர்ந்திருந்தது. பெருநாள் அன்றைக்கு என் வாப்பா தாகத்தோடு திரிகிறாரே என்று அழுகை வந்தது.

"வாப்பா, அது இல்ல. நான் நேத்துப் பிறை கண்டனான்."

அவர் திரும்பினார். "ஆரு?"

"நான்தான். தட்டில துணி எடுக்கக்க."

கோபம் அவருடைய காதுவரை ஏறியது சிவப்பாகத் தெரிந்தது. சத்தம் போட்டால் உம்மா எழும்புவாள் என்று குரலை அடக்கினார். "விளையாட்டா? நாங்க அவ்வளவு பேர் பாலத்தில நிண்டம்."

"தெரியும் வாப்பா."

"கண்ணாடி போட்டிருந்தியா?"

"துடைச்சுப் போட்டும் பாத்தனான்."

"எந்தப் பக்கம்?"

"சூரியன் பட்ட இடத்துக்கு நேர மேல. கன உயரமில்ல."

"எப்படி இருந்திச்சு? கதைக்காத, கையால காட்டு."

சுஹைரா குவளையைக் கீழே வைத்தாள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி வலக்கையை நீட்டி, விரல்களையும் மணிக்கட்டையும் சற்று மேலே வளைத்தாள். தோணி ஒன்று தண்ணீரில் கிடப்பதுபோல் கை கிடந்தது.

ஹாஜியார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறை கண்டதாக வந்த எத்தனையோ பேரை இந்த ஒரு கேள்வியால் அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். காணாமல் வருகிறவன் பள்ளிவாசல் மினாராவில் இருக்கிற பிறையைத்தான் காட்டுவான், செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். இந்த மாதத்தில் நம்முடைய வானத்துப் பிறை நிற்பதில்லை, மல்லாந்து கிடக்கும். அது கண்டவனுக்குத்தான் தெரியும். தன்னுடைய இந்தப் பரீட்சையை அவர் வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை.

அவர் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார்.

"நேத்தே ஏன் புள்ள செல்லல்ல?"

"செல்லியிருந்தா கொழும்புக்குக் கோல் எடுத்திருப்பீங்களா வாப்பா?"

வேறொருவர் என்றால் 'ஏன் எடுக்காம?' என்று சமாளித்திருப்பார். ஹாஜியாருக்குப் பொய் வராது.

"இல்ல," என்றார்.

சுஹைராவுக்கு இப்போது தன்னைப் பற்றிய பயம் போய், அவரைப் பற்றிய பயம் வந்தது. மனிதர் இரவுக்கிரவே முதிர்ந்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

"ஊர்ட நோன்பு சரிதான் வாப்பா," என்றாள் அவசரமாக. "நீங்க பொய் செல்லல்ல. ரெண்டு ஆம்பிளைகள் காணல்லயே."

"ஓம். ரெண்டு ஆம்பிளைகள் காணல்ல." அந்தச் சொல்லை அவர் நாக்கில் வைத்துக் கசந்தவர்போல் முகத்தைச் சுளித்தார். பிறகு கேட்டார். "என்ட நோன்பு?"

சட்டம் அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கண்டவர் சொல்வதை உண்மையென்று மனதார நம்புகிறவருக்கும் அதே சட்டம்தான். ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிறவர் தன் தீர்ப்புக்கு மகளின் முகத்தைப் பார்க்கிறார்.

"அது நீங்க என்ன நம்புறதப் பொறுத்தது வாப்பா."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. ஆமினா உம்மா புரண்டு படுக்கிறாளோ, எழும்புகிறாளோ தெரியவில்லை. இருவரும் அறை வாசலைப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. அவர் கை நீட்டியபோது, தன்னை எழுப்பிவிடச் சொல்கிறார் என்றுதான் சுஹைரா நினைத்தாள். அந்தக் கை அவளைத் தாண்டிப் போய்க் குவளையை எடுத்தது. மீதியிருந்த தண்ணீரைப் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கடைசித் துளிவரை குடித்தார். பள்ளியில் அத்தனை பேரும் இவருடைய சொல்லை நம்பி நாக்கு வறண்டு கிடக்கிறார்கள். இவர் குசினி நிலத்தில் களவெடுத்தவர்போல் குந்தியிருக்கிறார். கண்ணில் நீர் நின்றது.

"அல்லாஹு அக்பர்," என்று சுஹைராவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு வெற்றுக் குவளையை அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து, மகள்."