வின்சன்ட் என்று கூப்பிட்டால்

1

இந்தக் கதையை நான் திருடினேன். கற்பிட்டியில், தங்கை ஷிம்லா வீட்டில், பகல் சாப்பாட்டு நேரம். அவள் புருஷன் ரிஃபாஸ், களப்புத் தண்ணீரில் பட்டம் கட்டிச் சறுக்க வருகிற வெள்ளைக்காரரை ஹோட்டல் வேனில் ஊர் சுற்றிக் காட்டுகிறவன், மீன் முள்ளைத் துப்பிக்கொண்டே ஒரு சம்பவத்தைச் சொன்னான். அவன் கை கழுவப் போவதற்குள் நான் தொடக்க வரியை எழுதிவிட்டேன்:

“புத்தரின் பேரமைதி கவிந்த அந்தத் தாதுகோபத்தின் வெண்மையில் காலம் தன்னை—”

காலம் தன்னை என்ன செய்தது என்று தெரியாததால் விட்டுவிட்டேன். அனுராதபுரத்துக்கு நான் போனது ஒரே தடவை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில். என் பணிஸைப் பறித்துத் தின்ற குரங்கு மட்டும்தான் நினைவிருக்கிறது. பேரமைதி எதுவும் அன்று கண்ணில் படவில்லை.

2

ஆகவே குரங்கை விட்டுவிட்டு டயனாவிடம் வருகிறேன். ஜெர்மன்காரி. இவளை ஓர் அசடாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். வெள்ளைக்காரி அசடாக இருந்தால் நம் வாசகர்களுக்குப் பிடிக்கும். ரிஃபாஸ் விடவில்லை.

“நல்ல பிள்ள மச்சான். தண்ணிப் போத்தல் வாங்கினா எனக்கும் ஒண்டு வாங்குவா.”

(நல்ல பிள்ளைகளை வைத்துக் கதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு எங்கே தெரியப்போகிறது!)

அனுராதபுரத்துக் கோயில் வாசலில் வேனை நிறுத்தியதும் டயனா வெயில் தாங்காமல் மேற்சட்டையைக் கழற்றினாள். தோளில் புத்தர். கண்மூடிப் புன்னகைக்கும், அழகாகப் பச்சை குத்திய புத்தர். பக்தியில் குத்தியதாம். இந்த நாட்டில் அந்தப் பக்தியை வெளியே காட்டினால் புத்தரை அவமதித்ததாகப் பொலிஸ் வரலாம் என்பது அவளுக்குத் தெரியாது.

“அவள பிளேன்ல ஏத்தி அனுப்பிடுவானுகள்,” என்றான் ரிஃபாஸ். “கூட்டிட்டு வந்த என்ன எதுல ஏத்துவானுகள்?”

கூட்டிவந்தவன் பேர் முகம்மது ரிஃபாஸ் என்றால் விசாரணை நீளும் என்பது அவன் பயம். வேனில் ஷிம்லா மறந்துவிட்டுப்போன ஷோல் கிடந்தது. அதைப் போர்த்திக்கொள்ளச் சொன்னான். ஏன் என்று கேட்டாள். அவனுடைய ஆங்கிலம் சாப்பாட்டுக்கும் காற்றின் திசைக்கும் போதும், மதத்துக்குப் போதாது. “புத்தர் நித்திரை மேடம், வெயில் பட்டா எழும்பிடுவார்” என்று சமாளித்தானாம்.

3

தாதுகோபத்தைச் சுற்றி வரும்போது காற்று அடித்து ஷோல் பறந்தது. ரிஃபாஸ் பாய்ந்து பிடித்து, அதை அவள் தோளில் போட்டு, புத்தரை உள்ளங்கையால் பொத்தினான்.* ஒரு காவல்காரர் அவர்களை நோக்கி வந்தார்.

* இந்த இடத்தில் ஷிம்லா கறிச்சட்டியைக் கொஞ்சம் பலமாகக் கீழே வைத்தாள்.

அதோடு ரிஃபாஸ் நிறுத்திக்கொண்டான்.

“பிறகு?” என்றேன்.

“பிறகென்ன, வந்திட்டம்.”

இதையெல்லாம் ஒரு முடிவென்று எந்தப் பத்திரிகை போடும்? நானே இரண்டு செய்தேன்.

முடிவு அ: காவல்காரர் அந்தப் பச்சையைப் பார்த்து, கண்களில் கருணை ததும்ப— (வாசித்துக் காட்டினேன். ரிஃபாஸுக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறியது.)

முடிவு ஆ: பொலிஸ் ஜீப். (ஷிம்லா தாளைக் கிழித்துவிட்டாள்.)

“நானா,” என்றாள் (எங்கள் ஊரில் அண்ணன்), “கதைய எழுதுங்க. ஆனா இவர்ர பேர மாத்திப் போடுங்க. நாளைக்கு ஆரும் வாசிச்சிட்டு இவரத் தேடி வந்தா?”

அவள் பயந்ததைப் பார்த்துப் பேனாவை எடுத்தேன்.

4

பேரை மாற்றுவது சுலபம். அதே ஹோட்டலில் இன்னொரு வேன் ஓட்டுகிற சிலாபத்துக் கத்தோலிக்கன் வின்சன்ட் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தவன். அவன் பேரைப் போட்டேன். கதை படுத்துவிட்டது. காவல்காரர் வருகிறார். பேரென்ன என்று சிங்களத்தில் கேட்கிறார். “வின்சன்ட்.” வெள்ளைக்கார நோனாவை ஒழுங்காகப் போர்த்திக்கொள்ளச் சொல்லு வின்சன்ட், என்று சொல்லிவிட்டுப் போகிறார். யாருக்கும் வியர்க்கவில்லை. பேரை மாற்றினால் பயமும் கதையும் சேர்ந்தே போய்விடுகின்றன என்று அரைப் பக்கம் கட்டுரையாகவே எழுதினேன். நல்ல கட்டுரை.

வாசித்த ரிஃபாஸின் முகம் செத்துப்போனது.

“இத ஆரு மச்சான் ஒனக்குச் சொன்ன?”

“எத?”

“நான் வின்சன்ட் எண்டு சொன்னத.”

காவல்காரர் கேட்டதும் வாயில் வந்தது அதுதானாம். அவர் சிரித்து முதுகில் தட்டினாராம். அன்றிலிருந்து தொழுகையில் நின்றாலும் அந்தத் தட்டுத்தான் ஞாபகம் வருகிறதாம்.

“வாப்பா வெச்ச பேர பயத்தில முழுங்கிட்டன் மச்சான்.”

கட்டுரையை மடித்து வைத்தேன். வெட்கமாக இருந்தது.

ஷிம்லா என் பேனாவை எடுத்து நீட்டினாள். “நானா, வின்சன்ட வெட்டுங்க. இவர்ர பேரையே போடுங்க. வாறது வரட்டும்.”

வெட்டினேன். அதனால்தான் நீங்கள் தொடக்கத்திலிருந்தே ரிஃபாஸ் என்று வாசித்து வருகிறீர்கள்.

5

முடிவு இல்லை. வியாழக்கிழமை ரிஃபாஸுக்கு அதே கோயிலுக்கு ஹயர் ஓட்டம். இம்முறை ஒரு பிரெஞ்சுக் குடும்பம். யாருக்கும் பச்சை இல்லை என்று விசாரித்துவிட்டான். அந்தக் காவல்காரர் வாசலில் நிற்பார். நல்ல மனுசன், முகத்தை மறக்காதவர். தூரத்திலேயே கையைக் காட்டி, “வின்சன்ட்!” என்று கூப்பிடுவார்.

“நான் திரும்புறதா, இல்லையா?” என்று என்னைக் கேட்கிறான்.

திரும்புவதாகவும் எழுதிப் பார்த்தேன், திரும்பாததாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் ஷிம்லாவிடம் காட்டத் தைரியம் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் அந்த வாசலில் உங்கள் மகனை நிறுத்திப் பாருங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது, வியாழன் விடியற்காலை சுபஹு தொழுததும் அவன் வேனை எடுத்துவிடுவான்.