மாடிக்கு எட்டாத சான்றிதழ்

கரிசல்குடியில் வீடுகளை நகராட்சி தன் சொந்த சர்வரில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு நிரல் தொகுப்பு உண்டு. சமையலறைச் சுவரை இடிக்க நினைப்பவர்கள் ஒரு வரியை அழித்துச் சேமித்தால் போதும். வரிசை வரும்போது சர்வர் அந்த வீட்டைப் புதிதாகக் கட்டி, அதன் முகவரியில் நிறுத்திவிடும்.

முன்பு வீடுகள் வெளியூர் நிறுவனம் ஒன்றின் சர்வரில் இருந்தன. நம் வீடுகள் நம் கட்டடத்திலேயே இருக்கட்டும் என்று நகர்மன்றம் தீர்மானம் போட்டதும், மாற்றும் வேலை நகராட்சிப் பொறியாளர் செண்பகவல்லியின் தலையில் விழுந்தது. தளத்தை நிறுவினாள். வீடுகளுக்கென்று அலுவலகப் பெயரோடு ஒட்டாத தனி டொமைன் எடுத்தாள். எந்த வீட்டின் பெயர் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் புள்ளியும் போட்டு, இது அசல்தான் என்று உறுதிசொல்லும் பாதுகாப்புச் சான்றிதழும் அதற்கே வாங்கினாள். காலையில் ஊரின் கதவுகள் எல்லாம் திறந்தன. நகர்மன்றத் தலைவர் லட்டு கொடுத்தார்.

நட்சத்திரம் ஒரு புள்ளியைத்தான் தாண்டும் என்பது அப்புறம்தான் அவள் நினைவுக்கு வந்தது. கரிசல்குடியில் மாடிக்குத் தனிப் பெயர் கிடையாது. வீட்டுப் பெயருக்கு முன்னால் 'மாடி' என்று எழுதி இன்னொரு புள்ளி வைப்பதே வழக்கம். சான்றிதழ் கீழ்த்தளத்தோடு நின்றுவிட்டது. மாடிப்படிகளின் அடியில் எல்லாம் ஒரே எச்சரிக்கை: இதற்கு மேல் நம்பகமானதல்ல, திரும்பிச் செல்லவும்.

அவளுடைய அப்பா குருசாமி மாடியில் இருந்தார். சர்க்கரை நோயாளி.

எதிர்வீட்டு ராஜகனி வந்து விசாரித்தாள். தன் மாமியாரும் மாடியில்தான், ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை என்றாள்.

"உங்கப்பாவும் மேலயா? அப்பச் சீக்கிரம் சரியாயிரும்க்கா."

செண்பகவல்லி படியடியில் நின்று, மாத்திரை போட்டாச்சா என்று குரல் கொடுத்தாள்.

"நீதான தாயி இனிமே வேண்டாம்னுட்ட," என்றார் அப்பா. "காப்பி நல்லாருந்துச்சு. சீனி தூக்கலா."

சான்றிதழ் இல்லாத வழியில் நடுவே யார் வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம். யாராகவும் பேசலாம். கையேட்டிலேயே இருக்கிறது. எதையும் குடிக்காதீர்கள் என்றாள்.

"மேல ஒண்ணு பேசுற, கீழ ஒண்ணு பேசுற," என்று அவர் அலுத்துக்கொண்டார்.

அவள் தன் வீட்டின் தொகுப்பைத் திறந்து, மாடியை அடுத்திருந்த புள்ளியை எடுத்துவிட்டுச் சிறு கோடு போட்டாள். இனி அது மாடி அல்ல, தனி வீடு. சேமித்தாள். கட்டுகிற இயந்திரம் ஊருக்கே ஒன்றுதான். வரிசையில் அவளுக்கு முன்னால் யாரோ கழிவறைக்கு டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே சீனி டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. டம்ளரில் கரண்டி சுற்றியது. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபடி டப்பா திறந்தது.

கட்டி முடிந்ததென்று திரையில் பச்சைக் குறி விழுந்தது.

மாடி இறங்கி வீட்டுக்குப் பக்கத்தில் தரையில் நின்றது. அப்பா கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகம் வியர்த்திருந்தது. பின்னாலேயே டம்ளரோடு இன்னொரு செண்பகவல்லி வந்தாள். சான்றிதழ் இப்போது அவளுக்கும் செல்லும்.

ராஜகனி வீட்டு மாடியை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, மாடியிலிருந்து வந்தவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஸ்கூட்டரில் அலுவலகம் போனாள்.

கீழேயே இருந்த செண்பகவல்லி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். அப்பா அதைத் தொடவில்லை. அவளுடைய சான்றிதழைக் காட்டச் சொன்னார்.

அவள் உள்ளே போய்த் தேடினாள்.