முனவர் பேகத்தைக் கூப்பிட்ட கிணறு

மூலனூர் சாமியாத்தாளின் கிணற்றுத் தண்ணீர், திருப்பூர் ராயபுரத்தில் முனவர் பேகத்தின் சமையலறைக் குழாயில் கொட்டத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்தில். அங்கிருந்து இங்கே வர தாராபுரத்தில் பஸ் மாற வேண்டும். நடுவில் குழாய் எதுவும் பதித்திருக்கவில்லை. முனவர் பேகம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும். போன் தொலைந்து புது சிம் வாங்கிய மறுநாளே ஒரு பெண்குரல் அவளைக் கூப்பிட்டது. “வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துள்ளது. மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும்.” லோன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டம் என நினைத்து வைத்துவிட்டாள். குரல் விடவில்லை. சோறு வடிக்கும்போது கூப்பிட்டது, தொழுகைக்கு நிற்கும்போது கூப்பிட்டது. காலிக் குடங்களைப் பார்த்தபடி லாரித் தண்ணீர் வருமா வராதா என்று நின்றிருந்த ஒரு காலையில், அதன் வாயை அடைப்பதற்காக ஒன்றை அழுத்தினாள். வறண்டு கிடந்த குழாய் இரண்டு முறை இருமிவிட்டுச் சில்லென்று கொட்டியது. தண்ணீரில் முருங்கைப் பூக்கள் மிதந்து வந்தன.

அவள் கணவன் கட்பீஸ் துணி வியாபாரி பசீர் அகமது ஒரு வாய் குடித்துப் பார்த்து, உப்புத் தண்ணீர், பருப்பு வேகாது, துணிக்கு ஆகும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். தெரு இரண்டு நாள் ஆச்சரியப்பட்டது. மூன்றாம் நாள் குடங்களோடு வரிசையில் நின்றது. லாரிக்காரன் அந்தத் தெருப்பக்கம் வருவதையே விட்டான். வைகாசி பாதியில் குரல் வேறு சேதி சொன்னது. “கிணற்றில் தண்ணீர் குறைந்துள்ளது. மோட்டார் நிறுத்தப்பட்டது.” முனவர் பேகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கிணறு என்றால் யாரோ ஒருவருடைய கிணறு. கறை பட்ட பனியனை மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பியது போல அவளுக்குக் கை கூசியது. அந்த எண்ணுக்கு அவளே திரும்பக் கூப்பிட்டாள். பதிவுக் குரலுக்குப் பின்னால் மயில் அகவியது. அதற்கும் பின்னால் ஒலிபெருக்கியில் ஒருவன் மூலனூர் முருங்கைக்காய்க்கு விலை கூவிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினாள். மூலனூர் சந்தையில், போன் செய்கிற மோட்டார் யாருடையது என்று விசாரித்ததும் சொல்லிவிட்டார்கள். ஆத்தப்பன் என்பவர் கிணற்று மோட்டாருக்கு சிம் போட்ட ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றை வைத்திருந்தார். கரண்ட் வந்தால் பெட்டி அவருக்குப் போன் செய்யும். அவர் எந்த ஊரில் இருந்தாலும் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும். முந்தின ஆடியில் அவர் இறந்துபோனார். காசு போடாமல் கிடந்த அவருடைய எண்ணை சிம் கம்பெனிக்காரர்கள் வேறு ஆளுக்கு விற்றுவிட்டார்கள். அதிலிருந்து மோட்டார் வீட்டுக்காரி சொன்னபடி கேட்பதில்லை. எலெக்ட்ரீசியன் பெட்டியைத் தாண்டி ஒயரை நேராகக் கொடுத்துப் பார்த்தும் அசையவில்லை. தோன்றுகிறபோது ஓடுகிறது, ஓடினாலும் பைப்பில் சொட்டுத் தண்ணீர் வருவதில்லை.

ஆத்தப்பனின் மனைவி சாமியாத்தாள் மொபெட்டில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து முருங்கைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி மரங்கள் இலை உதிர்த்து நின்றன. முனவர் பேகம் எதையும் மறைக்கவில்லை.

“எங்கூட்டுத் தண்ணியிலதான் நீங்க துணி தொவைச்சீங்களா அம்மிணி?” என்றாள் சாமியாத்தாள். குரல் உயரவில்லை. கேனில் மிச்சமிருந்ததை மரத்தடியில் ஊற்றினாள்.

“தொவைச்சேங்க அக்கா. தெருவே தொவைச்சுது. அதாங்க வந்தேன்.”

தன் சிம்மைக் கழற்றிச் சாமியாத்தாளின் போனில் போட்டுக் கொடுத்தாள். சாமியாத்தாள் ஒன்றை அழுத்தினாள். இந்தக் கைக்கு அனுமதி இல்லை என்றது குரல். கிணறு புதுக் கைக்குப் பழகிவிட்டிருந்தது. முனவர் பேகம் அழுத்தியதும் மோட்டார் ஓடியது. பைப்பில் வெறும் காற்று வந்தது. அந்த நேரம் பசீர் அகமது போன் செய்து, தண்ணீர் வந்துவிட்டது, எத்தனை குடம் பிடிக்கட்டும் என்று கேட்டார். அவள் மோட்டாரை நிறுத்தினாள்.

சாமியாத்தாள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள், “அவரு மரத்த நெனச்சுட்டுத்தான் பட்டனை அமுக்குவாரு. நீங்க என்னத்த நெனச்சு அமுக்குனீங்க?”

“காலிக் கொடத்தைங்க.”

“அப்பறம் தண்ணி எங்க போகும்?”

அன்று வெயில் தாழும்வரை இருவரும் தோட்டம் முழுக்க நடந்தார்கள். எந்த மரம் காற்றில் முறிந்து துளிர்த்தது, எதன் காய் கசக்கும் என்று சாமியாத்தாள் சொல்லச் சொல்ல, முனவர் பேகம் ஒவ்வொன்றையும் தொட்டு மனதில் வாங்கினாள். அதன் பிறகு அழுத்தினாள். முதலில் பாதித் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தது. பாதி ராயபுரத்துக்குப் போனதைப் பசீர் அகமது போனில் உறுதி செய்தார். வீட்டு நினைப்பு குறுக்கே வந்தால் பைப்பில் தண்ணீர் இளைத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தை நினைத்தாள். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாய்க்கால் நிறைய ஓடியது.

ராயபுரத்தில்தான் பாடு. தெருப் பெண்கள் வாசலில் கூடி, ஒரு நாளைக்காவது குடத்தை நினை என்று கெஞ்சினார்கள், பிறகு ஏசினார்கள். அது இன்னொருத்தர் கிணறு என்பதைத் தவிர அவள் வேறு பேச்சே பேசவில்லை. லாரிக்காரன் திரும்பி வந்தான். அவளும் வரிசையில் நின்றாள். கம்பெனிக்குள் போன் கூடாது என்றார் மேனேஜர் கவின். மூலனூரில் மும்முனைக் கரண்ட் பகலில்தான் வரும்.

“நம்ம மெஷின் நின்னா ஓனர் போனுக்கு உடனே மெசேஜ் போகுதுங்களே சார், அது மாதிரிதானுங்க இதுவும். வேணும்னா நான் வேலைய விட்டுர்றேனுங்க. கெணத்த விட முடியாதுங்க” என்று அவள் பனியனைக் கீழே வைத்தாள். கவின் ஜன்னலோர மேசையை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அவள் கண் பனியனில் கறை தேடும். மனம் மரம் மரமாக நடக்கும்.

ஐப்பசி மழையில் கிணறு ததும்பியது, மரங்கள் காய்த்தன. ஒரு வெள்ளிக்கிழமை சாமியாத்தாளே கூப்பிட்டாள். “அம்மிணி, இங்க போதுமுங்க. இன்னைக்கு உங்கூட்ட நெனச்சுப் போடுங்க. தெருவுக்கும் சேத்தே போடுங்க.” முனவர் பேகம் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு ஒன்றை அழுத்தினாள். அதிலிருந்து மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் வெள்ளிக்கிழமை தெருவுக்கு. மழை தவறினால் இல்லை. யாரும் இப்போது ஏசுவதில்லை.

போன மாதம் ஸ்டார்ட்டர் கம்பெனியிலிருந்து சர்வீஸ் ஆள் காசிமாயன் வந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே போர்டு எப்போதோ கருகிப் போயிருந்தது. சிம் இருக்க வேண்டிய இடத்தில் பல்லி முட்டையிட்டிருந்தது. பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“யாருங்க இதை ஓட்டறது?”

“ராயபுரத்துல ஒரு அம்மிணி” என்றாள் சாமியாத்தாள்.

அவன் தலையாட்டிவிட்டு, முட்டை நசுங்காமல் மூடியைப் பொருத்தித் திருகினான். நல்ல நிலையில் உள்ளது என்று மேலே ஒரு சீட்டை ஒட்டினான். வாய்க்காலில் இறங்கிக் கைகால் கழுவிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போனான்.